டிரம் மேலே ஏறி நிற்கிறதே, அதைப் பார்த்தீர்களா?

தன் பயோகாஸ் கலன் (சாணத்தையும் கழிவையும் காற்றில்லாமல் புளிக்கவைத்து அடுப்புக்கு வாயு எடுக்கும் தொட்டி) வேலை செய்யவில்லை என்று ஓர் அண்ணன் போட்ட காணொளியைத்தான் சொல்கிறேன். அதை எனக்கு அனுப்பாதவர் இனி யாரும் பாக்கி இல்லை. போதும், பார்த்துவிட்டேன். அண்ணன் தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்து அடுப்பில் காட்டுகிறார். பற்றவில்லை. "பயோகாஸ் ஒரு ஏமாற்று வேலை." தீர்ப்பு எழுதியாயிற்று.

அவருக்குப் பின்னால் டிரம், அதாவது வாயு சேரச் சேர மேலே எழும் கலனின் மூடி, முழுசாக ஏறி நிற்கிறதே? வாயு உண்டாகாமல் அது எப்படி ஏறும்? உள்ளே இருப்பது எரியாத வாயு. எரிகிற வாயுவான மீத்தேன் குறைந்து, எரியாத கரியமில வாயு மிகுந்துவிட்டது. காரணத்தையும் அவரே சொல்கிறார்: "மீந்தது எல்லாத்தையும் அதுலதான் கொட்டினேன்." தொழில்நுட்பம் தோற்கவில்லை ஐயா, தீனி போட்டே அதைச் சாகடித்தீர்கள்.

உள்ளே அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பெருகும். மீத்தேன் தருபவை பெருக நாள்கணக்கில் ஆகும். தீனி திடீரென்று கூடினால் அமிலம் தேங்கும். பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6.5க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் கூட்டம் படுத்துவிடும். சாணத்துக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி இயல்பாகவே உண்டு. மாவுப்பொருளுக்கும் பழத்துக்கும் கிடையாது. தீனிதான் பிரச்சினை. மறுபடியும் சொல்கிறேன், தீனிதான்.

மீட்கவே முடியாதா என்றால், முடியும். தீனியை அடியோடு நிறுத்த வேண்டும். சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்துக் கொஞ்சம் ஊற்றலாம். பி.எச். ஏற சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகக் கலக்கலாம். சுண்ணாம்பை மட்டும் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. அது கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், மூடிய கலனில் வெற்றிடம் உண்டாகும். பி.எச். 7க்கு வந்து சுடர் நீலமாக நின்ற பிறகு, பழைய தீனியில் கால் பங்கிலிருந்து தொடங்கலாம்.

"குளிரில் ஓடாதே?" என்கிறார்கள். உண்மைதான். 35 டிகிரியில்தான் நன்றாக ஓடும், 15க்குக் கீழே பெரும்பாலும் தூங்கிவிடும். "இவ்வளவு பக்குவம் பார்ப்பதற்கு சோலார் போட்டுவிடலாமே?" போடுங்கள். பலகைமேல் அழுகிய காய்கறியைக் கொட்டிப் பாருங்கள், தின்கிறதா என்று.

மீத்தேன் கசிவைப் பற்றிக் கேட்டிருந்தால் மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. கடைசியில் அண்ணன் வால்வைத் திறந்து மொத்தத்தையும் காற்றில் விடுகிறார், பக்கத்தில் தீப்பெட்டி. எரியாத கலவை என்றாலும் அதில் மீத்தேன் உண்டு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அதற்கும் கைதட்டல்!

இதே ஆள் காரில் டீசலுக்குப் பதில் பெட்ரோல் ஊற்றிவிட்டு "கார் ஏமாற்று வேலை" என்று சொன்னால் சிரித்திருப்பீர்கள். இங்கே நம்புகிறீர்கள். சாணி கரைக்கிறவனுக்கு என்ன தெரியும் என்ற இளக்காரம்தானே? பி.எச். தாளை நனைத்துப் பார்க்கிறவனும் அவன்தான், குழாயில் தேங்கும் தண்ணீரை வடிக்கிறவனும் அவன்தான். அவனை ஒருவரும் கேட்கவில்லை.

கலனை உடைக்க ஆள் பேசியிருக்கிறாராம். யாராவது இதை மட்டும் அவரிடம் சேர்த்துவிடுங்கள்: காலி செய்த கலன் என்றாலும் உள்ளே யாரையும் இறக்காதீர்கள். அடியில் இருக்கும் கசடைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயு கிளம்பும். அளவு கூடினால் அது மூக்கை மரக்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் அங்கேயே விழுவார்.