சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம்

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பெரியம்மா, அப்பாவுக்கு நான் சாப்பாடு ஊட்டுவதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "ஆம்பளப் பிள்ளை இப்படிப் பாக்குறதுக்கு அவர் கொடுத்து வச்சிருக்கணும். நீ தெய்வம்டா." கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். அந்த நேரம் குளியலறையில் அப்பாவின் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்த என் மனைவியை யாரும் தெய்வம் என்று சொல்லவில்லை. சரி, அது தனிக் கதை.

எனக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்காக. நான் தெய்வமாக இருந்த முதல் மூன்று மாதத்தில்தான் அப்பாவை ரொம்பப் படுத்தினேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது. இடது கையும் காலும் வராது. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக வீட்டுக்கு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டுக்கு, அழைத்து வந்தபோது, பெற்ற தகப்பனைத் தூக்கிவிட எனக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்று இருந்தேன். இடது அக்குளில் கையைக் கொடுத்து ஒரே இழுப்பு. கொஞ்ச நாளில் தோள்பட்டை வலியில் இரவெல்லாம் முனக ஆரம்பித்தார். சிகிச்சையாளர் தொட்டுப் பார்த்துவிட்டு, "யார் இவரைக் கையைப் பிடித்து இழுப்பது?" என்று கேட்டார். அப்போது இருந்த பணிப்பெண் தலை குனிந்து நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அப்புறம்தான் முறையாகக் கற்றுக்கொண்டேன். சக்கர நாற்காலி எப்போதும் நல்ல பக்கம், அதாவது அப்பாவுக்கு வலப்பக்கம், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக. இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். கால் வைக்கும் தகட்டை மடக்கிவிட்டு, அவரைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் படியவைத்து, இடுப்பில் பெல்ட்டைக் கட்ட வேண்டும். "குனிங்கப்பா, இன்னும் கொஞ்சம்." மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை குனிய வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு. பாதி வேலையை அவர் உடம்பே செய்துவிடுகிறது. எழுபது கிலோ மனிதரை நான் தூக்குவதே இல்லை, திருப்பி உட்கார வைக்கிறேன், அவ்வளவுதான். பாசத்தை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சாப்பாடும் அப்படித்தான். தண்ணீர் போல ஓடுவதெல்லாம் அவருக்குப் புரையேறும். நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியா. அதனால் ரசம், கோப்பி, வெறும் தண்ணீர் எல்லாவற்றிலும் கெட்டிப்படுத்தும் பொடி கலக்க வேண்டும். கெட்டித்தன்மையில் அவருக்குச் சொல்லியிருப்பது இரண்டாம் நிலை. ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு நிரப்பி, விரலை எடுத்துப் பத்து விநாடி ஒழுக விட்டால், 4 முதல் 8 மில்லி மிஞ்ச வேண்டும். பால் கலந்த கோப்பி கெட்டியாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு மேலும் பொடி போட்டால் களியாகிவிடும். முதல் நாள் அந்த ரசத்தை வாயில் வைத்துவிட்டு அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் பாட்டியே வந்து நின்றார்.

பணத்தில் நாங்களே மண் அள்ளிப் போட்டுக்கொண்டோம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அரசு தரும் இல்லப் பராமரிப்பு மானியம் 2019இல் மாதம் 200 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி, 2023 மார்ச்சில் வருமானத்தைப் பொறுத்து 400 வரை உயர்ந்தது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் மூன்றுக்காவது எப்போதும் ஆள் துணை வேண்டும் என்று மதிப்பீட்டில் தெரிய வேண்டும். மதிப்பிட வந்தவரிடம் அப்பா, "ஐ கேன், ஐ கேன்" என்றார். சட்டை போடுவீர்களா? ஐ கேன். தனியாகக் குளிப்பீர்களா? ஐ கேன். நாற்பது வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், முன்பின் தெரியாத பெண்ணிடம் வேறென்ன சொல்வார்? அவர் மானம் போகக் கூடாது என்று நானும் தலையாட்டினேன். மானியம் கிடைக்கவில்லை. மறுமுறை, ஒரு வாரம் யார் எத்தனை மணிக்கு எதற்குக் கை கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தோம்.

பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு அவரை அனுப்பத் தொடங்கியபோது சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். செவ்வாயும் வியாழனும் அங்கே அப்பாவுக்குக் கேரம் விளையாட ஆள் கிடைக்கிறது, எனக்கு வேலைக்குப் போக முடிகிறது.

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவரிடம் தியாகம், கொடுப்பினை என்றெல்லாம் பேசுபவர்கள் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, தூக்கம் வராது, யாரும் கை மாற்றிவிட வேண்டியதில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். அன்றைக்குப் பெரியம்மாவிடம் கேட்டே விட்டேன். "தெய்வமெல்லாம் வேணாம் பெரியம்மா, சனிக்கிழமை மதியம் மூணு மணி நேரம் வாங்க. நாங்க ரெண்டு பேரும் தேக்கா மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வர்றோம்."

முகம் சுருங்கியது. ஆனால் வந்தார். முதல் வாரம் பயந்து பயந்து உட்கார்ந்திருந்தார். போன சனிக்கிழமை நாங்கள் மீனும் கீரையுமாகத் திரும்பி வந்தபோது, கையில் சிரிஞ்சோடு என்னை வாசலிலேயே மறித்தார்.

"ஏண்டா, ஆறு மில்லி நிக்குது, சரியா? உங்கப்பன் நம்ப மாட்டேங்கறான்."