மனுவின் கீழே கையெழுத்துப் போடுபவரின் பேச்சு மனுவுக்குள் இருக்க வேண்டும்

திங்கட்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும், வாசலுக்கு வெளியே மரத்தடியிலோ ஜெராக்ஸ் கடை ஓரத்திலோ மடியில் அட்டையை வைத்து வேகமாக எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவர்கள் அவர்கள். ஒரு குடும்பத்தின் நிலம், ஒரு விதவையின் ஓய்வூதியம், ஒரு தெருவின் குடிநீர் எல்லாம் அந்த ஒற்றைத் தாளை நம்பியிருக்கின்றன. ஆனாலும் அதை எழுத்து என்று யாரும் மதிப்பதில்லை. கவிதைக்கும் கதைக்கும் காட்டும் அக்கறையில் நூறில் ஒரு பங்கைக்கூட நாம் மனுவுக்குக் காட்டவில்லை. கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்துதான் இதைச் சொல்கிறேன்.

கணவர் இறந்தபின் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு வரும் ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பட்டாவில் ஆரம்பிக்க மாட்டார். மைத்துனர் வாசலில் மாடு கட்டியதில் ஆரம்பிப்பார். கிணற்றுக்குப் போகும் வழியை அடைத்தது, மகளின் கல்யாணத்துக்கு அவர்கள் வராதது, வரப்பில் நின்ற தென்னையை யார் வைத்தது என்று பேச்சு போகும். இதை முழுவதும் எழுத முடியாது. எழுதினால் யாரும் படிக்கவும் மாட்டார்கள். ஆனால் எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் எழுதுபவரின் திறமையும் நேர்மையும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வராததை விட்டுவிடலாம். வழியை அடைத்ததை விட்டால் நாளை வேறொரு மனுவோடு அவர் மீண்டும் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

மனுவில் பெறுநர் என்ற இடத்தில் 'மாவட்ட ஆட்சியர் அவர்கள்' என்று எழுதுகிறோம். எழுதும்போதும் அவரையே மனத்தில் வைத்து, கருணை உள்ளம், ஏழையின் கண்ணீர் என்று நிரப்புகிறோம். ஆட்சியர் கையில் அந்தத் தாள் இருக்கும் நேரம் மிகக் குறைவு. எண் போடப்பட்டு, நிலப் பிரச்சினை என்றால் வட்டாட்சியருக்குப் போகும். அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கு. உண்மையான வாசகர் அந்தக் கடைசி மேசையில்தான் இருக்கிறார். கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண், பட்டா எண், இறந்தவர் பெயர், இறந்த தேதி, வாரிசுகள் யார் யார் என்பவைதாம் அவருக்கு வேண்டும். இவை முதல் பத்தியில் இருந்தால் வேலை நகரும். கண்ணீரை வைத்து அவரால் ஒரு பதிவேட்டையும் புரட்ட முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புகாரே அந்தக் கடைசி மேசையின் மீதுதான் என்றாலும், மனு சுற்றிக்கொண்டு அதே மேசைக்கு வந்து சேருவது உண்டு. யார் மீது புகாரோ அவரிடமே அறிக்கை கேட்கப்படும். ஆகவே யார் படிக்க வேண்டும் என்பதைப் போலவே, யார் விசாரிக்கக் கூடாது என்பதையும் மனுவின் 'பொருள்' என்ற வரியிலேயே எழுதிவிட வேண்டும். மனு எழுதுபவர்களில் அனுபவசாலிகள் இதைச் செய்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

காவல் நிலையப் புகாருக்கு வருவோம். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். 'ஆபாச வார்த்தைகளால் திட்டி, கைகளால் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தார்' என்ற வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் எத்தனை புகார்களில் படித்திருப்போம்! அடிபட்டவர் யாரும் இப்படிப் பேசுவதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294, 323, 506 ஆகிய பிரிவுகளுக்குப் பொருந்தும்படி செதுக்கப்பட்ட வாக்கியம் அது. 2024 ஜூலையில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்கள் மாறின. பழகிய கைகளுக்கு வாக்கியம் மாறவில்லை. சட்டத்துக்குப் பொருந்த எழுதுவதைக் குறை சொல்லவில்லை, அது தேவைதான். ஆனால் பொருத்தும் வேகத்தில் நடந்தது காணாமல் போகக் கூடாது.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட ஒருவரின் புகாரில் இந்த ஆபத்து மிகப் பெரிது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் என்ன சொல்லித் திட்டினார்கள், பிறர் பார்வையில் படும்படியான இடத்தில் நடந்ததா என்பவை வழக்கின் உயிர். டீக்கடை வாசலா, தோட்டத்து வீட்டுக்குள்ளா, அப்போது யார் நின்றிருந்தார்கள் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று நாகரிகமாக எழுதி முடித்தால், நடந்த குற்றமே தாளிலிருந்து கழன்றுவிடும். காது கூசும் சொல்லாக இருந்தாலும் சொன்னபடியே எழுதுங்கள். அங்கே எழுதுபவரின் கூச்சத்துக்கு இடமில்லை.

சட்டம் எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது. புகாரை வாய்மொழியாகச் சொன்னால் காவல்துறை அதை எழுத்தில் பதிந்து, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, 2015இல் திருத்தப்பட்ட பிறகு, வாசித்துக் காட்டுவதை அதிகாரியின் கடமை என்றே 4ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. எழுதத் தெரியாதவரும் தன் புகாரின் ஆசிரியராகவே இருக்கிறார் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட இடங்கள் இவை. 'இப்படி எழுதிக் கொடுங்கள், போதும்' என்று சொல்லித் தாளை நீட்டும்போது பறிபோவது அந்த உரிமைதான்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நான் மிகவும் மதிப்பதற்கும் இதே காரணம். எழுத முடியாதவர் வாயால் கேட்டால், அதை எழுத்தாக்க எல்லா உதவியும் செய்வது பொதுத் தகவல் அலுவலரின் பொறுப்பு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கவும் கூடாது. அதனால் அந்த மனுவின் நடையே வேறு. தாழ்மையுடன் வேண்டிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. எந்த ஆண்டு, எந்தப் பணி, எந்தப் பதிவேட்டின் நகல் என்று நேராகக் கேட்கலாம். பணிந்தே எழுதிப் பழகியவர்கள் முதல் முறை அப்படிக் கேட்டு எழுதும்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் நாம் என்ன சொல்லித் தருகிறோம்? பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதம் உண்டு. தரமற்ற உணவு பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குப் புகார் எழுதச் சொல்லும் பயிற்சியும் உண்டு. நல்ல பயிற்சி அது. ஆனால் அந்தக் கடிதத்தை ஆணையர் படிக்கப் போவதில்லை என்பது மாணவருக்குத் தெரியும். படிக்கப் போகிறவர் விடைத்தாள் திருத்துபவர். அனுப்புநர், பெறுநர், உறைமேல் முகவரி எல்லாம் இருந்தால் மதிப்பெண். எந்தக் கடை, எந்தத் தேதி, பில் இருக்கிறதா, சாப்பிட்டவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி எழுதிப் பழகிய பிள்ளை வளர்ந்து, தன் தாய்க்கு ஓய்வூதிய மனு எழுத உட்காரும்போது அதே வெற்று நடையைத்தான் கையில் எடுக்கும்.

தமிழாசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு கடிதத்தையாவது உண்மையாக அனுப்ப வையுங்கள். பள்ளி வாசலில் எரியாத தெருவிளக்கு போதும். எந்த மின்கம்பம் என்று பிள்ளைகளே போய்ப் பார்த்து, கம்பத்தின் எண்ணைக் குறித்து, அது ஊராட்சியின் வேலையா மின்வாரியத்தின் வேலையா என்று விசாரித்து, உரியவருக்கு எழுதட்டும். அனுப்பும் முன் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் வாசித்துக் காட்டட்டும். பதில் வந்தால் வகுப்பில் படியுங்கள். வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.