காட்டாறு வற்றிச் சூடேறினால் சால்மனுக்குத் தூண்டில் வேண்டாம்

மேற்கு வேல்ஸின் டவி ஆறு, மலைச்சரிவில் உள்ள சிற்றேரி ஒன்றில் பிறந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடிக் கார்டிகன் விரிகுடாவில் கலக்கிறது. மலையில் மழை கொட்டினால் சில மணி நேரத்தில் பெருகி, ஓரிரு நாளில் கூழாங்கல் தெரிய வடிந்துவிடும் காட்டாறு அது. கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீனும், உள்ளூரார் சியூயின் என்றழைக்கும் கடல் டிரவுட்டும் அந்தப் புதுவெள்ளத்துக்காகவே காத்திருக்கின்றன. வெள்ளம் வடியத் தொடங்கி, கலங்கல் நீங்கி, நீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்குத் தெளியும் சில மணி நேரமே, தூண்டில் முள்ளில் இறகு சுற்றிச் செய்த செயற்கை ஈயைச் சால்மனின் முன்னே மிதக்கவிட ஏற்ற வேளை.

ஒரு வாரம் மீன்பிடிக்கும் அனுமதிச் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக, மழையற்ற ஜூலையில், மடுவில் ஒடுங்கிக் கிடக்கும் சால்மனை நோக்கி நாள் முழுதும் தூண்டில் வீசுவது எனக்கு ஒப்பவில்லை. ‘பிடித்தாலும் விட்டுவிடுகிறோமே’ என்பார்கள் அப்படி வீசுபவர்கள். வேல்ஸில் 2020 முதல் சட்டமே அப்படித்தான்; பிரிட்டனின் சால்மன் அழியும் அபாயத்தில் உள்ளதாக 2023-இல், ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேசச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதால் அது தேவையான சட்டமும்கூட. ஆனால் 10 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன், 20 பாகையில் 9 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆற்றுக்குள் வந்தபின் இரையே எடுக்காமல், கடலில் சேர்த்த கொழுப்பைக்கொண்டு முட்டையிடும் காலம்வரை தாக்குப்பிடிக்க வேண்டிய மீன், அந்த நீரில் கால் மணி நேரம் போராடிய பிறகு எதைக்கொண்டு மூச்சு வாங்கும்?

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். ஒரு கோடையில் பிடித்த சால்மனை நீரைவிட்டுத் தூக்காமல், வாலடியைப் பற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நெடுநேரம் தாங்கினேன். செவுள் திறந்து மூடியது, வால் ஒருமுறை உதறியது, கையைவிட்டுப் போயிற்று. சற்று நேரத்தில் மடுவின் கடைக்கோடியில் வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

அன்றிலிருந்து தூண்டில் பையில் ஒரு வெப்பமானி இருக்கிறது. நீர் 18 பாகையைத் தாண்டினால் சால்மனுக்குத் தூண்டில் போடுவதில்லை. இது என் சொந்தக் கணக்கு. சியூயினின் கதை சற்று வேறு. பகலில் நிழல் கண்டாலே மிரளும் அது, நன்றாக இருட்டியபின் ஆழங்குறைந்த நீருக்கு வரும்; நீரும் குளிர்ந்திருந்தால் அதற்கு மட்டும் வீசுவேன். சென்ற ஆகஸ்டில் ஒருநாள் நள்ளிரவிலும் வெப்பமானி 19-ஐ விட்டு இறங்கவில்லை. கரையில் அமர்ந்து, எதிர்க்கரை ஆல்டர் மரத்தடியில் மீன்கள் துள்ளி விழும் ஓசையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினேன்.