"ஃப்ரீ டிக்கெட் இருக்கா?"ன்னு இனிமே என்கிட்ட கேக்காதீங்க

போன சனிக்கிழமை ராத்திரியிலேருந்து வயிறு எரியுது. எழுதினாதான் தூக்கம் வரும்.

சிங்கப்பூர்ல அரபு ஸ்திரீட் பக்கம் ஒரு கடைவீட்டு மாடி. மூணு குழு வாசிக்கிற கிக், அதாவது சின்ன நேரடி இசை நிகழ்ச்சி. நுழைவு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எட்டு மணிக்கு முதல் குழு ஆரம்பிச்சப்ப தலையை எண்ணினேன், 11 பேர். ராத்திரி முழுக்க வந்தவங்க மொத்தம் 23. அதுல 9 பேர் கெஸ்ட் லிஸ்ட், காசு இல்லாம உள்ள வந்தவங்க. யாரோ ஒருத்தனோட ஸ்கூல் கூட்டாளி, ஆபீஸ் ஆளு, சித்தி மகன். காசு குடுத்து உள்ள வந்தது 14 பேர்.

14 பேர், தலைக்கு 18 வெள்ளி, 252. சவுண்ட் பார்த்தவருக்கு 150. மிச்சம் 102. மூணு குழுவுக்குப் பிரிச்சா 34. நான் பார்க்கப் போன தமிழ்க் குழுவுல அஞ்சு பேர், ஆளுக்கு 6 வெள்ளி 80 காசு. அந்த டிரம்மர் பையன் ஸ்னேரையும் சிம்பலையும் தூக்கிக்கிட்டு உட்லண்ட்ஸ்லேருந்து கிராப் டாக்ஸியில வந்த காசே 19 வெள்ளி. அதுக்கு முன்னாடி மூணு வாரம் ஜாமிங் ஸ்டூடியோவுல மணிக்கு 25 வெள்ளி கட்டிப் பழகியிருக்காங்க.

அன்னிக்கு மத்தியானம் மட்டும் எனக்கு நாலு வாட்ஸ்அப். "அக்கா, ஃப்ரீ டிக்கெட் இருக்கா?" "நம்ம பசங்கதானே, சொன்னா உள்ள விட்டுடுவாங்கல்ல?" நம்ம பசங்கன்னு தெரியுதுல்ல, அப்புறம் ஏன் அவங்க கையிலேருந்தே பிடுங்குறீங்க? காப்பிக்கடையில நம்ம சொந்தக்காரர் கல்லாவுல இருந்தா, பரோட்டாவுக்குக் காசு குடுக்காம எழுந்து போவீங்களா?

இதே ஆளுங்கதான் சென்னையிலேருந்து ஒரு சினிமா இசையமைப்பாளர் வர்றார்னா ரெண்டு போனை வச்சுக்கிட்டு டிக்கெட் திறக்குற நிமிஷத்துக்குக் காத்துக் கிடக்குறாங்க. 200 வெள்ளி, 300 வெள்ளி, யோசிக்கிறதே இல்லை. போங்க, தாராளமா போங்க. நானும் போயிருக்கேன், தொண்டை கட்டுற வரைக்கும் பாடியிருக்கேன். ஆனா மறுநாள் காலையில "சிங்கப்பூர்ல என்ன இருக்கு, செத்த ஊரு"ன்னு போடுறீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. நேத்து ராத்திரி ஒரு கிலோமீட்டர் தள்ளி உங்க மொழியில, உங்க அடுக்குமாடி புளோக்கைப் பத்தி ஒருத்தன் பாடிக்கிட்டு இருந்தான். எட்டிப் பார்த்தீங்களா?

சனிக்கிழமை கதைக்கு வர்றேன். மூணாவது பாட்டு. பாடுற பையன் தயங்கித் தயங்கி ஒரு வரி சொன்னான்: "இது எங்கம்மாவுக்கு எழுதினது." அவங்கம்மா ஏர்போர்ட்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு முதல் பஸ்ல வீட்டுக்கு வர்றதைப் பத்தின பாட்டு. செருப்பு சத்தம் கேக்கக்கூடாதுன்னு வாசல்லயே கழட்டிட்டு வருவாங்களாம், தூங்குற பிள்ளைங்க எழுந்துடக்கூடாதுன்னு. பேஸ் கிட்டார் மட்டும் தனியா போகுது, மேல இவன் குரல். இந்த ஊர்த் தமிழ்ல, நாம வீட்டுல பேசுற தமிழ்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்த இடத்துல பின்னாடிலேருந்து ஒரு குரல்: "தம்பி, தெரிஞ்ச பாட்டா ஒண்ணு போடுங்கப்பா!"

அந்தப் பையன் முகத்தை நான் பார்த்தேன். பாட்டை நிறுத்தலை, ஆனா கடைசிச் சரணத்தை விட்டுட்டான்.

கத்தினவருக்கு நாற்பது வயசுக்கு மேல இருக்கும். கெட்ட மனுஷரா இருக்க மாட்டார். ஆனா அண்ணே, தெரிஞ்ச பாட்டு எல்லாமே ஒரு நாள் தெரியாத பாட்டாத்தான் இருந்துச்சு. ஒலி 96.8 வானொலியில முதல் தடவை ஓடினப்ப உங்களுக்கும் அது புதுசுதான். அதுக்குப் பின்னாடி ஒரு படம் இருந்துச்சு, ஒரு கதாநாயகன் இருந்தான், பத்துத் தடவை காதுல விழுந்துச்சு, பிடிச்சுப்போச்சு. இவனுக்குப் படம் கிடையாது. ஒரே ஒரு தடவைதான் உங்க காதுல விழப்போறான். நாலு நிமிஷம். அது வரைக்கும் வாயை மூடிக்கிட்டு கேக்குற பொறுமைகூட இல்லையா?

சினிமாவுக்கு வெளியேயும் தமிழன் பாட்டு எழுதுவான்னு நம்ம காதுக்கு யாரும் பழக்கவே இல்லை. இதை நான் குற்றச்சாட்டா மட்டும் சொல்லலை, வருத்தமாவும் சொல்றேன். நானும் அப்படி வளர்ந்தவதான். பதினேழு வயசுல எஸ்பிளனேடு கலை அரங்கத்துப் பக்கம் காத்து வாங்கப் போனப்ப, கரையோர மேடையில பேபீட்ஸ் இசை விழா நடந்துக்கிட்டு இருந்துச்சு. 2002லேருந்து நடக்குற விழா, அந்தத் திறந்தவெளி மேடைக்கு டிக்கெட்டே கிடையாது. பேர் தெரியாத நாலு பசங்க ஏறினாங்க. அரை மணி நேரத்துல என் உலகம் மாறிப்போச்சு. இந்த ஊர்ல, என் வயசுல, சொந்தமா எழுதிப் பாடுறாங்கன்னு அன்னிக்குத்தான் தெரியும்.

"புதுக் குழுக்களை எங்க கண்டுபிடிக்கிறது?"ன்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட ஒரே பதில்தான். முதல் குழுவா மேடையேறுறவங்க பாட்டைக் கேளுங்க. போஸ்டர்ல பெரிய எழுத்துல இருக்குற பேருக்காக ஒன்பதரை மணிக்கு வராதீங்க, எட்டு மணிக்கே வாங்க. எனக்கு இன்னிக்கு உசிரா இருக்குற குழுக்கள்ல பாதிக்கு மேல, வேற யாரையோ பார்க்கப் போன இடத்துல முதல்ல வாசிச்சவங்க. பேபீட்ஸ்லயே புதுக் குழுக்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி மேடையேத்துற திட்டம் இருக்கு. அலிவால் கலை நிலையம், எஸ்பிளனேடு உள்கூடம், நவம்பர் மாசம் கலா உத்சவம்ங்கிற இந்தியக் கலை விழான்னு அந்தந்த நேரத்துல எட்டிப் பார்த்தாலே போதும். ஒரு குழு பிடிச்சா, அவங்க யாரோட சேர்ந்து வாசிக்கிறாங்கன்னு பாருங்க. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டுப் போனா பத்துக் குழு கிடைக்கும்.

வரலாறே இல்லாத ஊர்னு பேசுறவங்களைக் கண்டாலும் எனக்குக் கோபம் வருது. 1960கள்ல குவெஸ்ட்ஸ்னு நம்ம ஊர்க் குழு இங்க உள்ள தரவரிசையில பீட்டில்ஸையே தள்ளிட்டு முதல் இடத்துக்குப் போயிருக்கு. வோர்ம்ராட்ங்கிற மெட்டல் குழு 2017ல இங்கிலாந்தோட பெரிய இசை விழாவான கிளாஸ்டன்பரி வரைக்கும் போய் வாசிச்சாங்க, சிங்கப்பூர்லேருந்து அங்க மேடையேறின முதல் குழு. நம்ம ஆளுங்களையே எடுத்துக்குங்க. 1992ல ஆரம்பிச்ச ருத்ரா குழு வேதாந்தத்தையும் டெத் மெட்டல்ங்கிற முரட்டு ராக் இசையையும் சேர்த்து "வேதிக் மெட்டல்"னு ஒரு வகையையே உலகத்துக்குக் குடுத்திருக்காங்க. வெளிநாட்டு மெட்டல் ரசிகனுக்குத் தெரிஞ்ச அந்தப் பேரை, நம்ம ஆளுங்க கூடுற தேக்காவுல நின்னு பத்துப் பேர்கிட்ட கேளுங்க, எத்தனை பேருக்குத் தெரியும்னு பாருங்க. நம்ம ஊர் ராப்பர் யங் ராஜா தமிழும் இங்கிலீஷும் கலந்து ராப் பண்ணினப்பக்கூட, வெளியில உள்ளவன் கைதட்டின பிறகுதான் நம்ம வீட்டுப் பெரியவங்க திரும்பிப் பார்த்தாங்க.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. தைப்பூச ஊர்வலத்துல இசைக்கருவி வாசிக்க 1973ல தடை வந்துச்சு. 2016லதான் அதைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. நாற்பது வருஷத்துக்கு மேல! சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் மேளச் சத்தம் இல்லாம காவடி தூக்கி நடந்த தலைமுறை நம்ம அப்பா, மாமாவோடது. ஒரு உறுமிச் சத்தத்துக்கு எப்படி ஏங்கியிருக்காங்கன்னு எங்க மாமா சொல்லி நான் கேட்டிருக்கேன். இன்னிக்கு உறுமி மேளக் குழுக்களோட பேரைச் சட்டையில அடிச்சுப் போட்டுக்கிட்டு பின்னாடி நடக்குற இளவட்டம் இருக்கு. அப்போ ஒரு குழுவை எப்படித் தாங்கணும்னு நமக்குத் தெரியும்! அதே பையன் அதே உறுமியை டிரம் செட் பக்கத்துல வச்சு, தானே எழுதின பாட்டுக்கு வாசிச்சா மட்டும் ஏன் வாசல்ல நின்னு விலை பேசுறோம்?

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் சிலர் இருக்காங்க. போன வருஷம் ஒரு சமூக விருந்துக்கு இந்தப் பசங்களைக் கூப்பிட்டாங்க. பிரியாணிக்காரருக்குக் காசு, லைட்டு கட்டினவருக்குக் காசு, பலூன் தோரணத்துக்குக்கூடக் காசு. பசங்களுக்கு? "வாய்ப்பு தர்றோம்ல தம்பி, நாலு பேருக்குத் தெரியும்." சாப்பாட்டு நேரத்துல வாசிக்க வச்சாங்க, நடுவுல ரெண்டு தடவை நிறுத்தி அதிர்ஷ்டக் குலுக்கல். இதை வாய்ப்புன்னு சொல்லாதீங்க.

"நான்தான் ஸ்பாட்டிஃபைல கேக்குறேனே"ன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க. 2024லேருந்து அங்க ஒரு பாட்டை வருஷத்துக்கு ஆயிரம் தடவையாவது கேட்டிருந்தாத்தான் அதுக்குக் காசே வரும். அதுக்குக் கீழ போனா ஒரு காசு கிடையாது. குழுக்கள் நேரடியா பாட்டு விக்கிற பேண்ட்கேம்ப் தளத்துல பத்து வெள்ளிக்கு ஒரு ஆல்பம் வாங்கினா, அவங்க எடுத்துக்கிறது 15 சதவீதம், பணம் அனுப்புற கட்டணம் போக மீதி எல்லாம் குழுவுக்கு. மேசையில வச்சிருக்குற டீ-ஷர்ட்டை வாங்கினா இன்னும் நேரா போய்ச் சேரும். அரசாங்கம் 2025ல 18 வயசுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர் எல்லாருக்கும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ்னு 100 வெள்ளி குடுத்திருக்கு, 2028 கடைசி வரைக்கும் உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குச் செல்லும். எல்லாச் சின்ன கிக்குக்கும் அது செல்லாது, உண்மைதான். செல்லுற இடத்துக்காவது போங்க. சும்மா கிடக்குற காசு அது.

இடம் மூடினா மட்டும் எல்லாரும் அழுறோம். ஆர்மீனியன் ஸ்திரீட்ல இருந்த சப்ஸ்டேஷன் கலை மையம் 2021ல தன்னோட கட்டடத்தை விட்டுப் போச்சு. 1990லேருந்து எத்தனை பங்க் பசங்க, மெட்டல் பசங்க முதல் மேடை ஏறின இடம். 2025 ஆகஸ்ட்ல புரொஜெக்டர்ங்கிற சின்னத் திரையரங்கும் போச்சு. ரெண்டு தடவையும் என் போன் முழுக்கப் பழைய படமும் அழுகையும். "என் இளமைக் காலமே அங்கதான்"ன்னு எழுதின ஒருத்தர்கிட்ட கடைசியா எப்போ டிக்கெட் வாங்கினீங்கன்னு கேட்டேன். பதில் வரலை.

குழு பேரை இங்க போடலை. கோபத்துல எழுதுற பதிவுல எங்க பேர் வேணாம் அக்கான்னு கேட்டுக்கிட்டாங்க. கேட்டா தனியா அனுப்புறேன்.

ஆனா நேரம் அதிகமில்லை. பாடுற பையன் பாலிடெக்னிக் முடிச்சுட்டான், ஜனவரியில தேசிய சேவைக்கு, ராணுவப் பயிற்சி நடக்குற தேக்கோங் தீவுக்குப் போறான். ரெண்டு வருஷம். அதுக்குள்ள குழு இருக்குமா, மத்த நாலு பேரும் காத்திருப்பாங்களான்னு யாருக்கும் தெரியாது. போறதுக்கு முன்னாடி டிசம்பர்ல ஒரு கிக் இருக்கு. அம்மா பாட்டு அன்னிக்கு முழுசா பாடுவேன்னு சொல்லியிருக்கான், அவங்கம்மாவும் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வர்றாங்க. எட்டு மணி. 18 வெள்ளி.