ஊறவைத்தால் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து போய்விடுமா?

விருந்துக்கு மாவுச்சத்தே சாப்பிடக் கூடாத ஒருவர் வருகிறாரா, உருளைக்கிழங்கை நறுக்கி இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. தண்ணீர் கலங்குவது உண்மைதான், ஆனால் அது கத்தி பட்டு உடைந்த செல்களிலிருந்து வந்த மாவு மட்டுமே. உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், குளிர்ந்த நீரில் அது கரையவும் கரையாது. சந்தேகமா? ஊறிய துண்டைக் குறுக்கே வெட்டி ஒரு சொட்டு அயோடின் விடுங்கள், மாவுச்சத்து இருப்பதால் கருநீலமாகும் (அப்புறம் அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்).

'குளூட்டன் இல்லை' என்ற லேபிளையும் நம்ப வேண்டாம்; குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதம், மாவுச்சத்து அல்ல. கோதுமைக்குப் பதில் பெரும்பாலும் அரிசி மாவோ சோள மாவோதான் இருக்கும். உருளைக்கிழங்கு மசியலுக்குப் பதில் காலிஃப்ளவரை வேகவைத்து, நீரை நன்றாக வடித்து, வெண்ணெயோடு மசியுங்கள். சரி, சாஸ்? சோள மாவு போடாமல் சுண்டவையுங்கள்.