காண்டால்ஃப் ஒரே சுற்றில் மூன்று வேலை பார்க்க மாட்டார்

ஞாயிற்றுக்கிழமை அட்டை ஆட்ட மேசையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காண்டால்ஃப் அட்டையை ஒரே சுற்றில் மூன்று வேலைக்கு வைத்து முடித்ததை ஒருவர் போட்டோவாகப் போட்டார், அது விதிப்படி இல்லை என்றேன். "ரூல்ஸ் போலீஸ் வந்துட்டார்" என்று ஒருவர் எழுத, சிரிப்புக் குறி போட ஒரு வரிசையே நின்றது. சரி, போலீஸ் என்று பெயர் வந்துவிட்டது, எஃப்ஐஆரையாவது ஒழுங்காகப் போடுகிறேன்.

ஆட்டம், தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்ட் கேம். 2011இல் வந்த கூட்டு ஆட்டம்: ஆடுபவர்கள் ஒரே அணி, எதிரிகள் என்கவுன்டர் டெக் என்ற அட்டைக் கட்டிலிருந்து வருவார்கள். ஒவ்வொரு சுற்றும் பிளானிங், குவெஸ்ட், என்கவுன்டர், காம்பாட் என்று பல ஃபேஸாக, அதாவது பகுதிகளாக, நடக்கும். ஆடிய காட்சி (சாகசக் கதை), ஆண்டுயின் நதிப் பயணம்; ஹில் டிரோல் என்ற பெரிய எதிரி வருவது இதில்தான். போட்டோ போட்டவரின் வாதம் என்னவென்றால் "ஸ்னீக் அட்டாக்கும் காண்டால்ஃபும் கையில் இருந்தால் ஹில் டிரோல் ஒரு விஷயமே இல்லை, மூன்றாவது சுற்றிலேயே முடிச்சோம், இந்தக் காட்சி ரொம்ப ஈஸி". ஈஸிதான், காண்டால்ஃப் ஒரே சுற்றில் குவெஸ்டுக்கும் (கதையை முன்னே நகர்த்தும் வேலை) போய், டிரோலின் அடியையும் தடுத்து, திரும்பி அடிக்கவும் செய்தால்!

ஸ்னீக் அட்டாக் அட்டையை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். ஒரு லீடர்ஷிப் ரிசோர்ஸ் (அட்டை இறக்கக் கொடுக்கும் காசு) கொடுத்து, கையிலிருக்கும் ஒரு அல்லையை (துணை ஆள், காண்டால்ஃப் அப்படி ஒருவர்) மேசைக்குக் கொண்டுவரலாம். அந்த ஃபேஸ் முடியும்போது அவர் இன்னும் மேசையில் இருந்தால் கைக்குத் திரும்ப வேண்டும். ஃபேஸ் முடியும்போது, சுற்று முடியும்போது அல்ல. ஐந்து ரிசோர்ஸ் முழுசாகக் கொடுத்து இறக்கினால்தான் காண்டால்ஃப் சுற்று முடியும்வரை இருந்து டிஸ்கார்டுக்குப் போவார். இந்த இரண்டையும் கலந்து அடித்திருக்கிறீர்கள், ஒரு ரிசோர்ஸ் விலையில் ஐந்து ரிசோர்ஸ் சரக்கு.

அப்படியே முழு விலை கொடுத்திருந்தாலும் அந்த மூன்று வேலையும் நடக்காது. குவெஸ்டுக்கு கமிட் செய்தால், அதாவது அனுப்பினால், அட்டை சாய்ந்துவிடும். சாய்ந்த அட்டை தடுக்காது, அடிக்காது. நிமிர்வது சுற்றின் கடைசியில், ரெஃப்ரெஷில். கமிட் செய்தபின் ஒரு ரிசோர்ஸ் கொடுத்து நிமிர்வது அரகோர்ன் என்ற ஹீரோவின் திறமை. காண்டால்ஃப் அட்டையில் அப்படி ஒரு வரியே கிடையாது.

இப்போது கணக்கு. ஹில் டிரோலுக்கு 9 உயிர், அட்டாக் 6, டிஃபென்ஸ் 3. காம்பாட் ஃபேஸில் ஸ்னீக் அட்டாக் போட்டால் காண்டால்ஃப் நுழையும்போதே 4 சேதம், அதில் டிஃபென்ஸ் கழியாது. மீதி 5. அந்த ஐந்தை எடுக்க அட்டாக் கூட்டு 8 வேண்டும். காண்டால்ஃபே அடித்தால் அவர் 4, மற்றவர்கள் 4. அப்படியானால் டிரோலின் 6 அடியை யார் வாங்குவது? காண்டால்ஃப் தடுத்தால், அவர் டிஃபென்ஸும் 4 என்பதால், 2 சேதத்தோடு தப்பிப்பார், எதிரிக்கு மூடி வைக்கும் ஷேடோ அட்டை ஏதும் சேதம் சேர்க்காதவரை. ஆனால் அப்போது முழு 8ஐயும் மற்றவர்கள்தான் போட வேண்டும். ஏதோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்தத் தேர்வுதான் ஆட்டமே. அதைத் தூக்கிவிட்டு "ஈஸி" என்றால் என்ன சொல்வது. கேரமில் ஃபாலோ போடாமல் ரெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போர்டு சின்னதாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. பிளானிங் ஃபேஸில் ஸ்னீக் அட்டாக் போட்டுவிட்டு, குவெஸ்டில் காண்டால்ஃபை அனுப்புகிறார்கள். பிளானிங் முடிந்ததும் அவர் கைக்குப் போயாக வேண்டும். குவெஸ்டுக்கு வேண்டுமென்றால் குவெஸ்ட் ஃபேஸ் ஆரம்பித்து, கமிட் செய்வதற்கு முன்னால் போட வேண்டும்.

கையில் வருகிற வாய்ப்பையும் பார்ப்போம், "கையில் இருந்தால்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். 50 அட்டை டெக், இரண்டிலும் மூன்று மூன்று பிரதி. முதல் 6 அட்டையில் இரண்டுமே வர வாய்ப்பு சுமார் 9 சதவீதம். மூன்றாவது சுற்று அட்டையையும் எடுத்து, மொத்தம் 9 பார்த்த பிறகும் சுமார் 20 சதவீதம்தான். மல்லிகன் (முதல் கையை மாற்றி எடுப்பது) சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஐந்து ஆட்டத்தில் நாலில் உங்கள் சூப்பர் ஜோடி மேசையில் இல்லவே இல்லை. காண்டால்ஃப் இல்லாமல் ஸ்னீக் அட்டாக் வந்தால் அதற்கு ஏற்ற அல்லை கையில் இருக்கிறாரா, ஸ்னீக் அட்டாக் இல்லாமல் காண்டால்ஃப் வந்தால் ஐந்து ரிசோர்ஸ் சேருமா, இதையெல்லாம் வைத்துத்தான் ஜோடியை எடை போட வேண்டும். சாய்ந்த ஹீரோவை நிமிர்த்தும் அன்எக்ஸ்பெக்டெட் கரேஜ் அட்டைக்கு ஜோடியே வேண்டாம், எந்த ஹீரோ மேல் ஒட்டினாலும் வேலை செய்யும். அதைப் பற்றிப் போட்டோ போட யாருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டு பேர் ஆடினால் இன்னொரு சிக்கல். காண்டால்ஃப் யூனிக். ஒருவர் முன் அவர் நின்றுகொண்டிருந்தால் மற்றவர் ஸ்னீக் அட்டாக்கில் இன்னொரு காண்டால்ஃபை இறக்க முடியாது. ரிசோர்ஸ் தருகிற ஸ்டீவர்ட் ஆஃப் காண்டோர் அட்டையும் அப்படித்தான். இரண்டு டெக்கிலும் மும்மூன்று வைத்துவிட்டு "கை நிறைய ஸ்டீவர்ட், எதுவும் ஓடலை" என்று புலம்புவது டெக் கட்டும்போதே செய்த தப்பு. கூட்டு ஆட்டத்தில் ஜோடி என்பது ஒரு டெக்குக்குள் பார்க்கிற கணக்கு இல்லை.

அடுத்தது எ டெஸ்ட் ஆஃப் வில் அட்டை. "எல்லாத்தையும் கேன்சல் பண்ணும்" என்றீர்கள். அது ரத்து செய்வது, இப்போதுதான் என்கவுன்டர் டெக்கிலிருந்து திறந்த அட்டையின் "வென் ரிவீல்டு" (திறந்ததும் நடப்பது) பகுதியை மட்டும். சர்ஜ், டூம்டு இரண்டும் கீவேர்டு, அட்டையில் தனியாக அச்சான விதிச் சொற்கள். ரத்து செய்த பிறகும் சர்ஜ் இருந்தால் அடுத்த அட்டை திறக்கும், டூம்டு இருந்தால் உங்கள் த்ரெட் (ஆபத்து எண்) ஏறும். எதிரியோ இடமோ என்றால் ஸ்டேஜிங்கில் (அவை காத்திருக்கும் பகுதி) போய் உட்காரத்தான் செய்யும். குவெஸ்ட் அட்டை வேறு டெக், அதன் "வென் ரிவீல்டு"வை இது தொடவே முடியாது. நுணுக்கம் ஒன்று உண்டு. "வென் ரிவீல்டு" பத்திக்குள்ளேயே "இந்த அட்டைக்கு சர்ஜ் கிடைக்கும்" என்று இருந்தால், அந்தப் பத்தியோடு சேர்ந்து அதுவும் போய்விடும். இந்த வித்தியாசம் புரிந்தவர் ஞாயிறு மேசையில் இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

பெராவோர் என்ற ஹீரோவின் விஷயம் சின்னது. சாய்த்து இரண்டு அட்டை எடுப்பது, அன்எக்ஸ்பெக்டெட் கரேஜில் நிமிர்த்தி மறுபடி இரண்டு. பழைய அட்டையில் அப்படிச் செய்ய முடிந்தது. அதனால்தான் சுற்றுக்கு ஒரு தடவை என்று திருத்தம் வந்தது. ஹார்ன் ஆஃப் காண்டோர் அட்டையும் அதே கதை, ஒரு ஆள் மேசையை விட்டு "வெளியேறினால்" ரிசோர்ஸ் என்று இருந்தது "அழிந்தால்" என்று மாறியது. ஸ்னீக் அட்டாக்கில் போய் வருகிறவரை வைத்துக் காசு பண்ணியது அதோடு நின்றது.

"அண்ணே, எதிராளியே இல்லாத ஆட்டம், யாரை ஏமாத்தினோம்?" என்று கேட்கிறீர்கள். எதிராளி இருந்தால் அவனே "நில்லு" என்பான். இங்கே நிறுத்த ஆள் இல்லை, அட்டையில் அச்சான வரி மட்டும்தான் இருக்கிறது. அதையும் நமக்கு வசதியாக வளைத்துக்கொண்டால் அப்புறம் எதோடு ஆடுகிறோம்?

"ஜாலிக்குத்தானே." ஜாலியாக ஆடுங்கள். அதை வைத்து எந்த அட்டை பலம், எந்தக் காட்சி ஈஸி என்று மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

"ரூல்புக் குழப்பம்." இதை ஒத்துக்கொள்கிறேன். திருத்தம் ஒரு இடத்தில், நேர வரிசை ஒரு இடத்தில், அட்டையில் வேறு சொல். புதிதாக வருபவர் மீது எனக்குக் கோபமே இல்லை. கோபம், பல வருடமாக ஆடிக்கொண்டு, தெரிந்தும் சிரித்தவர்கள் மீது. அன்று அந்தப் புதுத் தம்பி, "அப்போ சர்ஜும் கேன்சலா?" என்று சரியான கேள்வியைத்தான் கேட்டான். மேசையே தலையாட்டியது. நான் இல்லை என்றதும் "விடுங்க, சின்னப் பையனை பயமுறுத்தாதீங்க" என்று எனக்கு அறிவுரை. மாலை முழுக்க ஸ்லீவ் போட்டு, என்கவுன்டர் டெக் பிரித்து, சந்தேகம் வந்தால் திருத்தத் தாளைப் புரட்டித் தருகிற வேலைக்கு மட்டும் போலீஸ் வேண்டும். அந்த வேலைக்கு அடுத்த முறை வேறு யாராவது வாருங்கள், நானும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரிப்புக் குறி போடுகிறேன்.

இத்தனைக்கும் அந்தக் காட்சியில் காண்டால்ஃபின் நல்ல உபயோகத்தை யாரும் தொடவே இல்லை. டிரோலின் எங்கேஜ்மென்ட் காஸ்ட் 30, உங்கள் த்ரெட் அதைத் தொட்டால் அது உங்களைத் தேடி வரும். த்ரெட் 31இல் நிற்கிறீர்கள் என்றால் என்கவுன்டர் ஃபேஸில் அது உங்கள் மேல் வரும். அதற்கு முன்னால், குவெஸ்டிலேயே ஸ்னீக் அட்டாக்கில் காண்டால்ஃபைக் கொண்டுவந்து, 4 சேதத்துக்குப் பதில் த்ரெட்டை 5 குறையுங்கள். 26. அவரே 4 வில்பவரோடு (குவெஸ்ட் பலம்) குவெஸ்டுக்கும் போகட்டும். குவெஸ்டில் தோற்காமல், வேறெதுவும் த்ரெட்டை ஏற்றாமல் இருந்தால், சுற்றுக்கு ஒன்றாக ஏறி 30ஐத் தொட நான்கு ரெஃப்ரெஷ் ஆகும். அதுவரை டிரோல், குவெஸ்டுக்கு எதிராகத் தன் 1 த்ரெட்டை மட்டும் சேர்த்துக்கொண்டு, ஸ்டேஜிங்கில் சும்மா கிடக்கும். அதைக் கொல்லாமல் முதல் கட்டத்தைத் தாண்ட முடியாதுதான், ஆனால் ஆயுதமும் ஆளும் சேர்த்துக்கொண்டு நீங்களாகப் போய் எங்கேஜ் பண்ணலாம்.

போட்டோ போட்டவருக்கு ஒன்றே ஒன்று. மூன்றாவது சுற்றை அதே கையோடு, குவெஸ்ட் ஃபேஸ் முடிந்ததும் காண்டால்ஃபைக் கையில் எடுத்துவிட்டு, மறுபடி ஆடிப் பாருங்கள். டிரோலின் 6 அடி எந்த ஹீரோ மேல் விழுந்தது என்று அதே இடத்தில் போடுங்கள்.