நேர்த்தி இல்லாமல் ஏறிய மலை

ஒக்டோபர் வந்தால் போதும், டொரொண்டோவில் இருக்கும் என் மச்சாள் குடும்பத்தோடு காட்டு வழியில் நடந்த படங்களைக் குடும்பக் குழுவில் போடத் தொடங்கிவிடுவாள். குங்குமச் சிமிழைக் கவிழ்த்துக் கொட்டினாற்போல் மரமெல்லாம் சிவப்பு. போன வருடம் அதைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அப்பா, நமக்கு இலையுதிர் காலம் எப்ப வரும்?"

நமக்கு அது வராது புள்ள, என்று சொல்லிவிட்டு என் தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. அங்கே பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைந்துபோகிறது, மற்ற நிறங்கள் வெளியே தெரிகின்றன என்று விளக்கினேன். மட்டக்களப்பில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை, அதனால் நம்மட மரங்கள் குளிருக்கு இலை கொட்டுவதில்லை, தாகத்துக்குத்தான் கொட்டும் என்றேன். வைகாசியிலிருந்து கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடித்து அடித்து, முதிரை மரத்து இலை மஞ்சளாகி விழும். பாலை மரமும் வீரை மரமும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பச்சையாக நிற்கும். மாரி பிடிக்க முன்னே, புரட்டாசிக் கடைசியில் கொஞ்ச நாள் கிடைக்கும், அதுதான் நம்மட இலையுதிர் காலம் என்று முடித்தேன்.

"அப்ப காட்டுங்களேன்" என்றாள். மாட்டிக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு மலை என்றால் நேர்த்தி, சாமிக்கு வைத்த நேர்த்திக்கடன். ஆடி மாதத்தில் தாந்தாமலைக்குப் போவோம். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் உகந்தையில் தங்கி, பாறையேறி வள்ளியம்மனைக் கும்பிட்டு, அங்குள்ள சுனைத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு குமண, யால காடுகளுக்குள் இறங்குவார்கள். என் மாமி அப்படி இரண்டு தடவை நடந்தவர். காலில் கொப்புளம் வெடித்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். ஆனால் குடும்பமாக ஒரு மலைக்குப் போவோம் என்று நான் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன நேர்த்தி மனே?"

ஒன்றுமில்லை மாமி, சும்மாதான்.

"சும்மா எதுக்கு ஏறுற?"

சும்மா ஏறுகிற ஆட்களும் இருக்கிறார்கள்தான். அவர்கள் வான் பிடித்து நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் போவார்கள். நாங்களும் இரண்டு வருடத்துக்கு முன் போனோம். செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பினதிலிருந்து பாட்டு அலற, லுணுகல பக்கத்து வளைவுகளில் மகன் மூன்று தடவை வாந்தி எடுத்தான். மேலே ஏறும்போது பின்னால் வந்த கூட்டத்துக்கு வழி மறிக்கிறோமே என்ற வெட்கத்தில், ஏழு வயதுப் பிள்ளையை "கெதியா நட, கெதியா நட" என்று துரத்திக்கொண்டே போனேன். உச்சியில் படம் எடுக்க வரிசை. மொத்தம் இருபது நிமிடம். அந்தப் படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறோம்.

ஆகவே இந்தத் தடவை நம்மட மாவட்டத்துக் குடும்பிமலை என்றேன். மனைவி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

எங்கள் வயதுக்காரருக்கு அது மலையின் பெயர் இல்லை, செய்தியில் வந்த பெயர். 2007 ஜூலையில் தொப்பிகல (குடும்பிமலையின் சிங்களப் பெயர்) இராணுவத்திடம் பிடிபட்டது என்று வானொலியும் தொலைக்காட்சியும் திரும்பத் திரும்பச் சொன்ன நாட்களில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனங்கள் கூடாரங்களில் கிடந்ததைக் கண்டவள். "அங்கயா புள்ளைகளக் கூட்டிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டாள். நான் வாதாடவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே, "சரி, போய்ப் பார்ப்பம், அதுகளுக்காவது அது வெறும் மலையா இருக்கட்டும்" என்றாள்.

534 மீற்றர் உயரம். பிதுருதலாகலையின் 2524 மீற்றருக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தட்டையான வயலும் புல்வெளியும் காடுமாகக் கிடக்கும் நிலத்திலிருந்து திடீரென்று எழும்பி நிற்பதால் கண்ணுக்குப் பெரிதாகத்தான் தெரியும். சிங்களத்தில் தொப்பிகல, அதாவது தொப்பிக் கல், ஆங்கிலேயருக்குப் பிரபுவின் தொப்பி, நமக்கோ முடிந்த குடும்பி. சியம்பலாண்டுவைக்கு அருகிலுள்ள கோவிந்தஹெல மலையைப் பார்த்து அவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று பெயர் வைத்தார்கள். ஊர் நினைவு வந்துவிட்டதாக்கும், பாவம்.

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். புரட்டாசிச் சனி என்பதால் மாமி அதற்கு முன்பே எள்ளெண்ணெய் விளக்கு வைத்து முடித்திருந்தார். சோற்றுப் பொதியும் சைவம்தான்: கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மோர்மிளகாய். வாட்டிய வாழையிலையில் கட்டினால் மத்தியானம் பிரிக்கும்போது வருகிற வாசனைக்கே ஒரு மலை ஏறலாம். கிரான் கழிந்து உள்ளே போகப் போக மாடுகள்தான் எங்களை மறித்தன. புலிபாய்ந்தகல் வீதியில் அன்றைக்குப் புழுதி பறந்தது. மாரியில் அதே வீதியை வெள்ளம் மூடி, சனங்கள் படகில் போவார்கள். வயல் விதைப்புத் தொடங்கினால் மாடுகளை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவதும் இந்தப் பக்கங்களுக்குத்தான்.

ஏறத் தொடங்கினதும் நான் ஒரு சட்டம் போட்டேன்: மகன் முன்னால், மற்ற எல்லோரும் அவனுக்குப் பின்னால், யாரும் அவனை முந்தக் கூடாது. இந்தப் பதிவை எழுதுவதே இதைச் சொல்லத்தான். குடும்பமாக மலை ஏறுவதென்றால் ஆக மெதுவாக நடக்கிறவர் முன்னால் போக வேண்டும். நாங்கள் எப்போதும் தலைகீழாகச் செய்கிறோம். அப்பா முன்னால் போய் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்குவார். கடைசியில் வருகிற பிள்ளை வந்து சேர்ந்ததும் "சரி, போவம்" என்பார். ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வே இல்லை.

மகன் முன்னால் போனதால் நாங்கள் ஒரு கறையான் புற்றுக்குக் கால் மணித்தியாலம் கொடுத்தோம். புற்றின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. ஈரமண்ணை உருண்டை உருண்டையாக வைத்து அவை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தன. மகன் குந்தியிருந்து, அடைபட்டு முடியும்வரை எழும்பவில்லை. அவனைத் துரத்தியிருந்தால் இது எதுவும் என் கண்ணில் பட்டிருக்காது.

காடு முடிந்து மொட்டைப் பாறை தொடங்கின இடத்தில் மாமி உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இது போதும், நீங்க போய்ட்டு வாங்க." மனைவி அவரோடு இருந்தாள். நானும் பிள்ளைகளும் ஏறினோம். பத்து மணிக்கே பாறை தோசைக்கல்லாய்க் கொதித்தது. மகன் சறுக்குகிறது என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுட்டதும் குதித்துக் குதித்து மறுபடி மாட்டினான். உச்சியில் காற்று மட்டும் தாராளம். கீழே காடு, இடையிடையே கண்ணாடித் துண்டுபோல் குளங்கள். கிழக்கே மங்கலாக ஒரு நீலக் கோடு. அது கடல் என்று மகளும் வானம் என்று மகனும் இறங்கும்வரை சண்டை.

கீழே வந்தால் மாமியும் மனைவியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் கண் சிவந்திருந்ததையும் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், அதற்குக் குறைந்து வேண்டாம். அடிவாரத்தில் இராணுவத்தினரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், யானைக்காடு. ஒக்டோபரில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னலும் வரும், மொட்டைப் பாறையில் நிற்கிற நேரம் அது இல்லை. குளவிக்கூடு இருக்கலாம் என்பதால் கூச்சல் வேண்டாம், சென்ட் பூசிக்கொண்டும் போக வேண்டாம். உண்ணிக்கு நீளக் காற்சட்டை. நான் அரைக் காற்சட்டையில் போய் ஒரு கிழமை சொறிந்தேன். கொண்டுபோன போத்தலையும் பொலித்தீனையும் தயவுசெய்து திருப்பிக் கொண்டுவாருங்கள். எங்கள் பையில் திரும்பி வந்த ஒன்பது போத்தல்களில் நான்கு யாரோ விட்டுப்போனவை.

தை பிறந்ததும் உகந்தைக்குப் போக வேண்டும் என்று மாமி சொல்லியிருக்கிறார். என்ன நேர்த்தி என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

மகள் பாதையில் பொறுக்கிய மஞ்சள் முதிரை இலைக் கொத்தைக் கொப்பிக்குள் வைத்துப் படம் எடுத்து, "எங்கள் இலையுதிர் காலம்" என்று எழுதிக் குழுவில் போட்டாள். டொரொண்டோ மச்சாள் உடனே பதில் அனுப்பியிருந்தாள்: "இதென்னடி, வாடின கருவேப்பிலையா?"